பழைய கடைக்கே மறுபடியும்: எங்கள் சாப்பாட்டு ஜமாவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு நாள் ஒன்றாகப் போய்ச் சாப்பிடுகிற கூட்டம் நாங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று ஊர்களில் இருக்கிறோம். புதுக் கடை தேடி அலைவதில்லை. ஒரு காலத்தில் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட மெஸ், டிபன் கடை, புரோட்டாக் கடை இவற்றுக்கே திரும்பத் திரும்பப் போகிறோம், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்களும், தங்கள் ஊரில் இதேபோல் ஆரம்பிக்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகளையே கேட்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

ஊரில் தினம் ஒரு புதுக் கடை திறக்கிறார்கள். ஏன் போன இடத்துக்கே போகிறீர்கள்?

புதுக் கடையில் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்ல முடியும். பழைய கடையில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். பத்து வருடமாகச் சாப்பிட்ட குடல் குழம்பில் மிளகு குறைந்தால் நாக்கு முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும். அந்தச் சுகம் வேறு. அப்புறம், ஐந்தாறு மேசை போட்ட மெஸ்ஸுக்கு விளம்பரம் எதுவும் கிடையாது, போனவர்கள் திரும்ப வந்தால்தான் அடுப்பு எரியும்.

எல்லாப் பழைய ருசியும் நிஜமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் நாலு பேர் ஹாஸ்டலில் இருந்தபோது பீளமேட்டுப் பக்கம் ஒரு புரோட்டாக் கடையைத் தெய்வமாகக் கொண்டாடினோம். இருபது வருடம் கழித்துப் போய் உட்கார்ந்தால் அதே கல், அதே மாஸ்டர், சால்னாவும் அதேதான். ஆனால் சாதாரண சால்னா. அன்றைக்குப் பசி அப்படி, ஹாஸ்டல் சாப்பாடு அதைவிட மோசம், வேறென்ன! இது தெரிந்துகொள்ளவும் ஒரு தடவை திரும்பப் போக வேண்டியிருக்கிறது.

ஒரு தடவைக்கு எத்தனை பேர் போகலாம்?

ஆறு. அதற்கு மேல் வேண்டாம்.

ஆரம்பத்தில் எங்களுக்கும் இது தெரியவில்லை. ஒரு தடவை பதினொரு பேர், மதியம் ஒன்றேகால் மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சின்ன மெஸ்ஸில் போய் இறங்கினோம். கடைக்காரர் தங்கமான மனிதர், "வாங்க வாங்க, உக்காருங்க" என்று திண்ணையில் ஸ்டூல் போட்டார், உள்ளே இருந்த இரண்டு மேசையைக் காலி செய்து கொடுத்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தால் தினமும் அங்கே சாப்பிடுகிற மில் ஷிஃப்ட் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவருக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். மாதம் ஒரு நாள் வருகிற நாங்கள் தினமும் வருகிறவரின் சோற்றுக்கு இடம் பிடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து ஆறு பேர், அதிகம் சேர்ந்தால் இரண்டு அணி, முக்கால் மணி நேர இடைவெளி. டிபன் கடையில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் கல்லில் ஒரே நேரத்தில் நாலு தோசைக்கு மேல் விழாது. முதல் ஆள் கைகழுவும்போது கடைசி ஆளுக்கு அப்போதுதான் சட்னி வரும்.

மேசையைச் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். பரிமாறுகிறவர் போய்வர அந்த இடைவெளிதான் வழி.

எந்த நாள், எந்த நேரம் போவது?

இதை ஒழுங்காகப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் குறையும். நல்ல கடை என்று கூட்டிப்போய்த் தப்பான நேரத்தில் உட்கார வைத்தால் கடைக்குத்தான் கெட்ட பேர்.

கறி மெஸ் என்றால் பன்னிரண்டரைக்கு இலையில் இருக்க வேண்டும். ரத்தப் பொரியல் முதலில் தீரும், அடுத்தது தலைக்கறி, இரண்டு மணிக்குப் போனால் கோழிக் குழம்பும் ஆம்லெட்டும்தான். டிபன் கடைக்குக் காலை ஏழரை, அதாவது முதல் ஈடு இட்லி இறங்குகிற நேரம். புரோட்டாக் கடைக்கு ராத்திரி ஏழு, கல் நன்றாகச் சூடேறியிருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது. கோவை ரோட்டோரத் தள்ளுவண்டிக் காளான் பொழுதோடதான், அதாவது சாயங்காலம். அது காளானா முட்டைக்கோஸா என்று வாதம் பண்ணுகிறவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். முட்டைக்கோஸ்தான் அதிகம், எல்லோருக்கும் தெரியும். மேலே நறுக்கின வெங்காயமும் மல்லித்தழையும் போட்டு நீட்டினால் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான்.

நாள் விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊரே குடும்பத்தோடு வந்திருக்கும். திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரியும் வேண்டாம். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வருகிற நாள், புரோட்டாக் கடையில் நிற்கவே இடமிருக்காது. பெரிய முகூர்த்த நாளையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். சின்னக் கடை மாஸ்டர் கல்யாணச் சமையலுக்குப் போயிருப்பார், அன்றைக்குக் கரண்டி பிடிப்பது உதவியாள். குழம்பு ஒரு மாதிரி இருந்தால் கடையைத் திட்டுவதற்கு முன் அன்று என்ன நாள் என்று பாருங்கள்.

புரட்டாசியில் என்ன செய்வீர்கள்?

சைவம்தான். கூட்டத்தில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள், மீதிப் பேர் மட்டும் போனால் சண்டை வரும். கறி மெஸ்களும் அந்த மாதம் கொஞ்சமாகத்தான் சமைப்பார்கள், சிலர் வெள்ளையடிக்கவும் அடுப்பு மாற்றவும் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். அமாவாசைக்கும் இதே கதை.

பள்ளிபாளையம் சிக்கன் எல்லா ஊர் மெனுவிலும் இருக்கிறது. எங்கே சாப்பிட்டால் சரியாக இருக்கும்?

பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊர், நடுவில் காவிரி, பாலம் தாண்டினால் வந்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாப்பிடுங்கள் என்பது சுலபமான பதில். ஆனால் ஊரைவிடச் செய்முறையைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நாங்கள் அடிக்கடி போகிற ஒரு கடையில் அடுப்பு வாசலிலேயே இருக்கும். இரும்பு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கை நிறையக் காய்ந்த மிளகாய் விழும். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுத்தான் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் நிறமும் வாசமும் இறங்கும், காரம் கட்டுக்குள் நிற்கும். மிளகாய் கருகுவதற்குள் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டின கோழி, மஞ்சள், உப்பு. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிடுவார். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து, தேங்காயின் ஓரம் சிவக்கும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள், ரோட்டில் போகிற பைக் நிற்கும்.

ஆக, தட்டில் வந்தது செக்கச்செவேல் என்று குழம்பாக இருந்தாலோ, கரம் மசாலா வாசம் அடித்தாலோ, எலும்பில்லாத துண்டாக இருந்தாலோ அது வேறு ஏதோ ஒன்று. நல்லாவே இருக்கலாம், பேர் மட்டும் தப்பு. தேங்காய்ப் பல்லுக்குப் பதில் துருவல் போடுகிறவர்களை எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் மன்னிக்கவே மாட்டார்.

நாட்டுக்கோழி என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எலும்பை நம்புங்கள். நாட்டுக்கோழி எலும்பு கெட்டியாக இருக்கும், கறியைக் கொஞ்சம் பல்லால் இழுக்க வேண்டியிருக்கும். வீட்டில் செய்வதுபோல மஞ்சள் தடவித் தீயில் வாட்டியிருந்தால் தோலோடு வரும், அந்தத் தோலில் தனி வாசம் உண்டு. வாயில் வைத்ததும் பஞ்சாக உதிர்ந்தால் பிராய்லர்தான். பிராய்லரைப் பிராய்லர் என்றே சொல்லி நன்றாகச் செய்கிற கடை எங்கள் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் குழுவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன?

கொங்கு என்றால் கறிதான் என்று யார் சொன்னது? அரிசிம்பருப்பு ஒன்று போதும். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வெந்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து, மேலே நெய் விட்டு, பக்கத்தில் கெட்டித் தயிரும் அப்பளமும். ஊத்துக்குளி நெய் என்று போர்டு வைத்த கடையில் கேட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாம், கேட்டால் ஊற்றுவார்கள்.

சந்தவையை, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பத்தை, கடையில் பார்த்தால் விடாதீர்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் போட்டு அழுத்திப் பிழிய வேண்டும், ஆறிவிட்டால் இறங்காது. அத்தனை கைவேலை இருப்பதால்தான் பெரிய ஓட்டல்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி முதல் தட்டு, தாளித்தது இரண்டாவது தட்டு, இதுதான் வரிசை. பச்சைப்பயறு கடைசல், ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம் இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும், மெனு அட்டையில் இருக்காது. "இன்னைக்கு வேற என்னங்க இருக்குது?" என்று கேட்கப் பழகுங்கள்.

திரும்பப் போகும்போது ருசி மாறியிருந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் ஏன் என்று பார்ப்போம். காரணம் பெரும்பாலும் நாலைந்துக்குள்தான் இருக்கும். மாஸ்டர் வேறு கடைக்குப் போயிருப்பார். விறகு போய் கேஸ் வந்திருக்கும். சின்ன வெங்காயம் விலை ஏறினபோது பெரிய வெங்காயத்துக்கு மாறினவர்கள் அப்படியே இருந்துவிட்டிருப்பார்கள். உரிக்க ஆள் கிடைப்பதும் கஷ்டம், அதையும் சொல்ல வேண்டும். பெரிய வெங்காயம் போட்டால் குழம்பில் தண்ணீர் விட்டுக்கொண்ட மாதிரி ஒரு இனிப்பு வரும், கண்டுபிடித்துவிடலாம்.

கோபிசெட்டிபாளையம் போகிற வழியில் ஒரு மெஸ். கொள்ளு ரசத்துக்காகவே நாங்கள் போகிற இடம். மூன்று வருடம் கழித்துப் போனோம். ரசம் வந்தது, ஒரு வாய் குடித்தேன், நிறமும் புளியும் சரியாக இருந்தது, ஆனால் அந்தக் கெட்டியான மண்வாசம் இல்லை. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் பேசவில்லை. பரிமாறின கடைக்காரர் பையனே, முப்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து நின்று, "பழைய மாதிரி இல்லீங்களாண்ணா?" என்றான்.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்குது..."

"இல்லீங்கண்ணா, எனக்கே தெரியுது. அம்மா அடுப்புல வெச்சு காலைல இருந்து கொதிக்க விடுவாங்க. அவங்களுக்கு முட்டி முடியலைங்க, ஊட்டுலயே இருக்குறாங்க. நான் குக்கர்ல வெக்கறனுங்க."

விஷயம் அங்கேதான். கொள்ளைத் திறந்த பானையில் நிறையத் தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால், அந்தத் தண்ணீரை வடித்துத்தான் ரசம். குக்கரில் தண்ணீர் அளவாக விட வேண்டும், ரசத்துக்கு வடிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். பற்றாததற்கு வெறும் தண்ணீர் கலக்கிறார்கள். பையன் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, காலையில் அவன் ஒருவனே எல்லாம் செய்கிறான். இரண்டு தடவை திரும்பப் போய்விட்டோம். ரசம் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை, கொள்ளுப் பருப்பு மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது, கொள்ளின் சாறு அதிலேயே தங்கிவிடுகிறதே. இப்போது அங்கே நாங்கள் பருப்புக்காகப் போகிறோம்.

ருசி மாறிவிட்டது என்று ஒரு தடவையிலேயே கைவிடக் கூடாது. மூன்று தடவை. மூன்றாவது தடவையும் எண்ணெய் பழசாக வாசம் அடித்தாலோ, மீந்த குழம்பைச் சூடு பண்ணி ஊற்றினாலோ அப்புறம் போவதில்லை. அப்படி இரண்டு கடைகளை விட்டோம், பேர் சொல்லமாட்டேன்.

குறையைக் கடைக்காரரிடம் சொல்லலாமா?

சொல்லலாம், பணம் கொடுத்த பிறகு, பக்கத்தில் ஆள் இல்லாதபோது, மெதுவாக. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உரக்கச் சொன்னால் அடுத்த மேசைக்காரரும் கையை நிறுத்திவிடுவார். நன்றாக இருந்தால் மட்டும் உள்ளே போய் அடுப்படியில் நிற்கிறவரிடமே சொல்லுங்கள், கல்லாவில் சொல்வது அங்கே போய்ச் சேருவதில்லை.

பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? பில்லில் ஜிஎஸ்டி இருந்தால்?

ஒருவர் கொடுப்பார், அடுத்த தடவை இன்னொருவர். கணக்கு வைப்பதில்லை. இரண்டு பேர் மட்டும் எப்போதும் நழுவுகிறார்கள், அவர்களுக்கே தெரியும்.

ஜிஎஸ்டி பற்றி: 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு 5 சதவீதம்தான், மாநிலத்துக்கு 2.5, மத்திய அரசுக்கு 2.5. ஏசி இருந்தாலும் அதேதான். சின்ன மெஸ் பலவும் ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கிறவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பார்கள், அவர்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. அப்படி வாங்கியிருந்தால் பில்லைக் காட்டி மரியாதையாகக் கேளுங்கள். விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கடைக்காரர் வாங்குவது வீட்டு சிலிண்டர் இல்லை, 19 கிலோ வணிக சிலிண்டர், அதற்கு மானியம் கிடையாது.

பார்சல் வாங்கலாமா?

வீட்டிலிருந்து தூக்குப்போசி (கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம்) கொண்டுவந்தால் வாங்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் கட்டுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. போசியை நீட்டினால் கவரில் கட்டுகிற அளவைவிட ஒரு கரண்டி கூடவே விழும், சோதித்துப் பார்த்தது. புரோட்டாவைப் பார்சல் வாங்கவே வாங்காதீர்கள்.

பெரிய ஓட்டல்களை ஏன் சேர்ப்பதில்லை? அன்னபூர்ணா இல்லாமல் கோவையில் ஒரு பட்டியலா?

1968-இல் தொடங்கின கடை, அந்தச் சாம்பாரில் இட்லியை முக்கிச் சாப்பிடாத கோவைக்காரர் உண்டா? ஆனால் அங்கே எப்படியும் வாரம் ஒரு தடவை போய்விடுகிறோம். எட்டு மாதம் போகாமல் விட்டால் மறந்துபோகிற கடைகளுக்குத்தான் இந்தக் கூட்டமே.

சரி, கடைப் பேர்களைச் சொல்லக் கூடாதா?

நேரில் கேளுங்கள், சொல்கிறேன். எழுதி வைப்பதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு மெஸ்ஸை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள், அடுத்த வாரமே வாசலில் வெளியூர் கார். இருபது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்த அம்மா நூறு பேருக்குச் சமைக்க முயன்று, குழம்பு நீர்த்து, வெளியூர்க்காரர்கள் ஆறு மாதத்தில் வேறு வீடியோவைப் பார்த்துப் போய்விட, உள்ளூர் வாடிக்கையும் அதற்குள் வேறு கடை தேடிக்கொண்டது. போட்டோ எடுப்பது பற்றியும் கேட்கிறீர்கள்: உங்கள் இலையை எடுங்கள், பக்கத்து இலைக்காரரை எடுக்காதீர்கள்.

தேடிப் போனால் கடையே இல்லை. என்ன செய்வது?

2020 ஊரடங்குக்குப் பிறகு இது நிறைய நடந்தது. ஷட்டரில் செல்போன் கடை போர்டு தொங்கும். பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும், பாக்கி அங்கேதான் இருந்திருக்கும். ஈரோட்டில் ஒரு டிபன் கடையை அப்படி விசாரித்துத்தான் இரண்டு தெரு தள்ளி, வீட்டு முன்னாலேயே போட்டிருப்பதைக் கண்டுபிடித்தோம். மேசை இல்லை, கையில் தட்டோடு நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். எங்களைப் பார்த்ததும் அந்த அக்கா பேர் கேட்கவில்லை, "உங்களுக்குச் சட்னி தனியாத்தானுங்க?" என்று கேட்டார். நான் சட்னியை இட்லி மேல் ஊற்றவிடமாட்டேன், அது எப்படி நினைவிருந்தது என்று இன்னும் புரியவில்லை.

புதிதாகச் சேர என்ன தகுதி வேண்டும்?

இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. சாப்பிடும்போது மொபைலில் பேசக் கூடாது. "எங்க ஊர்ல இதைவிட நல்லா இருக்கும்" என்பதை ஒரு வேளைக்கு ஒரு தடவை மட்டும் சொல்லலாம். நீங்கள் விரும்பின ஒரு பழைய கடையைக் கையோடு கொண்டுவர வேண்டும், அங்கே முதலில் நீங்கள்தான் எங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

அடுத்தது எங்கே?

பவானிசாகர். அணைப் பக்கம் கடையில் மீனைக் கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள், போன தடவை ஜிலேபி மீனில் முள் பொறுக்கியே ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும். கோவையிலிருந்து வருகிறவர்கள் அன்னூர், புளியம்பட்டி வழியாக வாருங்கள், ஒரு காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. சோறு அங்கே கிடைக்குமா என்று கேட்காதீர்கள், நான் அரிசிம்பருப்பு கட்டி எடுத்து வருகிறேன்.